கண்ணாடி ஜன்னல் வெயில்

8-10-1959, திருப்பதி

மத்தியானம் கரண்ட் போய் இரண்டு பிலிம் வீண். புரட்டாசிக் கூட்டம் வேறு. மலை ஏறி இறங்கியவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு நேராக எக்ஸ்ரே ரூமுக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் எலும்பு முறிந்துவிட்டதாகத் தீர்மானம். இல்லை என்று சொன்னால் கோபம். "நீ சரியா போட்டோ புடிக்கல தம்பி" என்றார் ஒருவர். வெளியே போங்கள் என்றேன்.

டாக்டர் ரங்கையா கேட்டுக்கொண்டிருந்தார். "ஏமய்யா முனிரத்தினம், வர்றவன எல்லாம் எலும்பாவே பாக்கற. மேல தோல் ஒண்ணு இருக்குய்யா" என்றார். இருக்கட்டும். எலும்பு பொய் சொல்லாது.

11-10-1959, ஊர்

நைனா ஆள் அனுப்பினார் என்று விஜயபுரம் பஸ் பிடித்து ஓடி வந்தேன். அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கார்வேட்டிநகரத்திலிருந்து கூண்டு வண்டி, முன்னும் பின்னும் திரை. வாசலில் இறக்கிவிட்டு, மாமியார் யசோதம்மா சொன்னதை வண்டிக்காரன் அப்படியே ஒப்பித்தானாம்: "நொண்டிப் பொண்ண மூடி மறைச்சி எங்க தலையில கட்டிட்டீங்க. நீங்களே வெச்சிக்குங்க." நைனா தலை குனிந்து கேட்டுக்கொண்டாராம்.

அக்கா நடந்ததைப் பார்த்தேன். வாத்து நடை. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது. தரையிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையாலும் தொடையை அமுக்கி, தன் உடம்பின் மேலேயே பிடித்து ஏறுகிற மாதிரி எழுந்திருக்கிறாள். இருபத்துநாலு வயசு! கல்யாணத்துக்கு முந்தின வாரம் கடலைக் கொல்லையில் என்னை விரட்டிப் பிடித்து முதுகில் ஒன்று வைத்தவள் இவள்தான். நொண்டியா? யாருடி நொண்டி?

பாப்பாவை அனுப்பவில்லை. "எங்க வூட்டுக் கொழந்த" என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பெயர் சுந்தரி. இரண்டு வயது. இன்னும் நிற்க வரவில்லையாம்.

நைனா குனிந்தது போதும். யசோதம்மா, நீ பதில் சொல்லாமல் போகமாட்டாய். உன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன்.

12-10-1959

அக்காவிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். அவள் தானாக எதுவும் சொல்வதில்லை.

அந்தக் குடும்பம் ஒரு காலத்தில் ஜமீன் கச்சேரியில் வேலை பார்த்தது. அரண்மனைப் பெண்கள் வெளியாள் கண்ணில் படாத கோஷா என்றால் இவர்கள் வீட்டுப் பெண்களும் கோஷா. ஜமீனே ஒழிந்துவிட்டது. இவர்கள் வீட்டில் கோஷா மட்டும் ஒழியவில்லை. அது போனால் பிறகு அவர்களிடம் காட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? நாலு எருமையும் கொஞ்சம் நஞ்சையும் எல்லோரிடமும்தான் இருக்கிறது.

நாலு வருஷமாக அக்கா வாசற்படி தாண்டவில்லை. கிணற்றுத் தண்ணீர் உள்ளே வரும். முற்றத்துக்கு மேலே தகரம். "வெயிலே படாதாக்கா?" என்றேன்.

"ஏன் படாது? கூடத்துல இம்மாம் பெரிய ஜன்னலு கீது. பச்சயும் செவப்புமா கண்ணாடி. மத்தியானம் கால் மேலயே விழும். பாப்பாவ அதுலதான் போட்டு வெப்பேன். அத்தையும் அங்கதான் குந்திக்கினு இருப்பாங்க."

15-10-1959, திருப்பதி

அக்காவையும் அம்மாவையும் என் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இடுப்பைப் படம் எடுத்தேன். கழுவி விளக்கில் பிடித்தால் எலும்பு மங்கலாகக் கிடக்கிறது. கதிர் விடும் கணக்கில் நான்தான் தவறிவிட்டேன் என்று இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே. மெஷின் சரி, பிலிம் சரி. எலும்பில்தான் சுண்ணாம்பு இல்லை. இடுப்பெலும்பில் இரண்டு பக்கமும் மெல்லிய கறுப்புக் கோடு. முறிவு மாதிரி இருக்கிறது, முறிவு இல்லை.

டாக்டர் ரங்கையா பார்த்ததுமே கேட்டார்: "இந்தப் பொண்ணு வெளிய வர்றதே இல்லையா?" அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மாவின் காதில் சொன்னாள். அம்மா சொன்னாள்: "கண்ணாடி ஜன்னலண்ட வெயில்ல குந்துவாளாம் சார்."

"அது வெயிலே இல்லம்மா. கண்ணாடி வெளிச்சத்த விடும், சூட்டயும் விடும். எலும்புக்கு வேண்டிய கதிர மட்டும் வெளியவே நிறுத்திடும். அது தோல்ல நேரா படணும். பட்டாத்தான் உடம்பு டி வைட்டமின் செஞ்சிக்கும். அது இல்லன்னா பாலு, கேழ்வரகு எது துன்னாலும் எலும்புக்குப் போகாது."

ஆக, நோய் இல்லை. சாபம் இல்லை. பிறவி நொண்டியும் இல்லை. அவர்கள் செய்தது. நாலு வருஷம் இருட்டில் போட்டு, எலும்பை உருக்கி, பிறகு உருகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு படமும் என் பெட்டியில் இருக்கின்றன. ஊர் கூடியிருக்கும்போது அந்த வீட்டுக் கூடத்திலேயே, அதே ஜன்னலில் இதைப் பிடித்துக் காட்டுவேன். கண்ணாடிக்கு அந்த ஒரு வேலையாவது ஆகட்டும்.

16-10-1959

டாக்டர் சொன்னவை. மீன் எண்ணெய் தினம். பால், கேழ்வரகு. வெயில்: விடிகாலை இளம் வெயில் சுகமாக இருக்கும், பலன் கொஞ்சம். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகிற நேரத்து வெயில்தான் வேலை செய்யும். கை, கால், முதுகு திறந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம்தான். கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல். தோல் சுறுசுறுவென்று ஆவதற்கு முன் எழுந்து நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

"கூட நேரம் வெச்சா கூடச் சேருமா?" என்றேன்.

"சேராது. ஓரளவுக்கு மேல உடம்பு நிறுத்திக்கும். வெயில் நிறுத்தாது. அப்புறம் தோல்தான் வேகும். ஒரு மாசத்து வெயில ஒரே நாள்ல ஊத்த முடியாதுய்யா."

1-11-1959

மொட்டை மாடியில் தென்னந்தட்டி கட்டிவிட்டேன். நாலு பக்கமும் அடைப்பு, மேலே வானம். எந்தப் பக்கத்து மாடியில் நின்றாலும் உள்ளே தெரியக்கூடாது என்று ஒவ்வொரு கோணமாகப் பார்த்து ஏழடி உயரம். நல்ல வேலை.

எதிர்வீட்டுக் கன்னியம்மாள் கேட்டாள், "இன்னா தம்பி, மாடியில கோழி வளக்கப் போறியா?"

"எங்கக்காவுக்கு வெயில் காட்டணும்."

"வெயிலா! தெருவுல கொட்டிக் கெடக்குது. அதுக்கு ஒரு கொட்டாயா?" சிரித்துக்கொண்டே போய் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

3-11-1959

அக்கா தட்டிக்குள்ளேயும் புடவையைத் தலை முதல் கால் வரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். அம்மா வந்து சொன்னாள். படியில் நின்றபடியே கத்தினேன். மூட்டைக்கு எதுக்கு வெயில்? அழுதாள் போலிருக்கிறது. அழட்டும். மறுபடி போய்ப் பார்த்த அம்மா, முழங்கை வரை வந்துவிட்டது என்றாள்.

20-12-1959

மாடிப்படியைச் சுவர் பிடிக்காமல் ஏறினாள். இடுப்பு வலி பாதி இல்லை என்கிறாள். மார்கழி வெயில் இதமாக இருக்கிறதாம். நான் கேட்காமல் அவளே சொன்ன முதல் வாக்கியம் இது.

பாப்பாவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. யார் வீட்டுக் குழந்தை அழுதாலும் தலை திரும்புகிறது.

22-1-1960, சித்தூர்

சிட்டிபாபுவுக்குப் பெண் பார்த்துவிட்டார்களாம். என் அக்கா புருஷனுக்கு! திருத்தணிப் பக்கத்துப் பெண். சித்திரையில் முகூர்த்தம். முதல் பெண்டாட்டி நொண்டி, எழுந்து நடமாட மாட்டாள், அவளே ஒப்புக்கொண்டு தாய் வீட்டோடு போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நைனாவை இழுத்துக்கொண்டு சித்தூர் கோர்ட்டுக்குப் போனேன். வக்கீல் வெங்கடசாமி நிதானமாக வெற்றிலை போட்டார். "சட்டம் இருக்கு நாயனா. ரெண்டாவது தாலி கட்டினா குத்தம். ஆனா கட்டணும் இல்ல?"

"கட்டின அப்புறம் எங்கக்காவுக்கு என்ன மிச்சம்?"

"அவசரப்படாதே. திருத்தணி இப்ப நம்ம ஜில்லா, எல்லை மாத்தினா நாளைக்கு மதராஸ். உங்க மாமன் கெட்டிக்காரன். ஆந்திராவுக்கு ஒண்ணு, மதராஸுக்கு ஒண்ணு." அவரே சிரித்துக்கொண்டார். நைனாவும் மரியாதைக்காகச் சிரித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கோர்ட் வேண்டாம். முகூர்த்தத்துக்கு முன் அக்கா நிமிர்ந்து அந்த வீட்டுக்குள் நடந்து போகவேண்டும். பின்னால் நான் படங்களோடு. யசோதம்மா எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும்: நாங்கதான் கெடுத்தோம்.

14-2-1960

நடை தேறியிருக்கிறது. இன்னும் லேசான சாய்வு. போதாது. சீக்கிரம், சீக்கிரம்.

10-3-1960

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

லீவு நாள். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். நானே அக்காவை மாடிக்கு அனுப்பினேன். கடலை எண்ணெய் கொடுத்துக் கை, கால், முதுகு முழுக்கத் தடவிக்கொள் என்றேன். இன்னும் நன்றாக இழுக்கும் என்று ஒரு நினைப்பு. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானாக! "நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காத" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன்.

வந்து யசோதம்மாவிடம் பேசப்போகிற பேச்சை எழுத ஆரம்பித்தேன். முதலில் என்ன கேட்பது, அவள் என்ன சொல்வாள், அதற்கு நான் என்ன திருப்பிக் கொடுப்பது. நன்றாக வந்துகொண்டிருந்தது. அடித்து அடித்துத் திருத்தினேன். சோறு நினைப்புக்கூட இல்லை. அம்மா திரும்பி வந்து "தாட்சாயணி எங்கடா?" என்றபோதுதான்.

அம்மா மேலே ஓடினாள். அவள் போட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. முதுகு, தோள், முழங்கால் எல்லாம் கனன்று, தோளில் கொப்புளம். நடுங்குகிறாள். வாந்தி.

"ஒறைக்கலயாடி? எந்திரிச்சி வரவேண்டியதுதானே?"

"எந்திரின்னு அவன் சொல்லலியே" என்றாளாம்.

12-3-1960

ஜுரம் இறங்குகிறது. ஈரத்துணி, மோர், டாக்டர் கொடுத்த களிம்பு. டாக்டர் ரங்கையா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிலிம் கறுக்கணும்னு ஸ்விட்ச்ச அமுக்கிக்கினே நிப்பியா நீ?"

"இல்ல சார்."

"பிலிமுக்குக் காட்டற மரியாதைய அக்காவுக்குக் காட்டல. எண்ணெய வேற தடவி! வடையா அது? ஆறற வரைக்கும் வெயில் வேணாம். மீன் எண்ணெய் போதும்."

நின்று கேட்டுக்கொண்டேன். தலை குனிந்துதான்.

15-3-1960

அக்கா குப்புறப் படுத்தபடியே பேசினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ரத்தினம், அவுங்க என்ன இருட்டுல குந்த வெச்சாங்க. நீ வெயில்ல குந்த வெச்ச. எம்மாம் நேரம் போதும்னு ரெண்டு பேரும் என்ன கேக்கல."

"உனக்காகத்தானே—"

"எனக்காகவா? கீழ இன்னாடா எழுதிக்கினு இருந்த? அம்மா எடுத்தாந்து என்னப் படிச்சிக் காட்டச் சொன்னா. நாலு பக்கம். அதுல எம் பேரே இல்ல. பாப்பா பேரும் இல்ல."

போய் எடுத்துப் பார்த்தேன். இல்லைதான்.

1-4-1960

இன்று முதல் திருத்தணி மதராஸ் ராஜ்யம். பஸ் ஸ்டாண்டில் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்சியும் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஆந்திராவிலேயே.

அக்காவின் தோள் உரிந்து புதுத்தோல் வந்துவிட்டது. இன்று அவளே மாடிக்குப் போனாள். குனிந்து நிழலைப் பார்த்தாளாம். சற்று நேரத்தில் அவளே இறங்கி வந்தாள். "போதுமா?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

12-4-1960

பதினேழாம் தேதி பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள் என்று நைனா சொல்லி அனுப்பினார். இதைத்தான் காத்திருந்தேன். ஊர் கூடியிருக்கும். நான் சொல்லி முடிக்குமுன் அக்கா சொன்னாள், "நான் வர்றேன். பாப்பாவக் கூட்டியாறத்துக்கு. நீ வம்பு வளக்கறதா இருந்தா நான் தனியாப் போறேன்."

வளர்க்கமாட்டேன் என்றேன். படங்களைப் பையில் வைத்தாயிற்று.

17-4-1960

புத்தூரில் பஸ் மாறிக் கார்வேட்டிநகரத்தில் இறங்கியபோது உச்சி நெருங்கிவிட்டது. குடையை விரித்தேன். "கொஞ்ச தூரம்தானே, ஒறைக்கறதுக்குள்ள போயிடலாம்" என்று முன்னால் நடந்தாள். முக்காடு இல்லை. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் தலை எட்டிப் பார்த்தது. ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை! நாலு வருஷம் அதே தெருவில் குடித்தனம் செய்தவள். ஒரு கிழவர் கேட்டார், "யார் வூட்டுக்கும்மா?"

"எங்க வூட்டுக்குத்தான்" என்றாள்.

கூடத்தில் விருந்தாளிகள். பெண்ணின் தகப்பனார் செங்கல்வராயன் நடுவில். அக்கா படியேறி உள்ளே வந்தாள். சிட்டிபாபுவின் முகத்தில் ரத்தம் இல்லை.

"யாரு மாப்ள இந்தப் பொண்ணு?" என்றார் செங்கல்வராயன்.

அக்காதான் சொன்னாள். "இவரு சம்சாரம். கொழந்தயக் கூட்டிக்கினு போக வந்தேன்."

செங்கல்வராயன் அவள் காலைப் பார்த்தார். பிறகு சிட்டிபாபுவைப் பார்த்தார். "எந்திரிக்கவே மாட்டான்னு சொன்னீங்க? ஒங்க வூட்ல எது சொன்னாலும் இப்பிடித்தானா?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள்.

என் கை பைக்குள் போயிருந்தது. அக்கா திரும்பாமலே, "உள்ள வை" என்றாள்.

அப்போதுதான் யசோதம்மாவைப் பார்த்தேன். கூடத்துக் கோடியில், விலகிய திரைக்குப் பின்னால், அந்தப் பச்சை சிவப்பு வெளிச்சத்தில் பாப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தாள்.

இரண்டு கையாலும் தொடையை அமுக்கி, தன் உடம்பின் மேலேயே பிடித்து ஏறுகிற மாதிரி.

எனக்குப் படம் எடுக்கத் தேவையில்லை. முப்பது வருஷமோ என்னவோ அந்த ஜன்னலடியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் இடுப்பிலும் அதே கோடு இருக்கும். ஒருநாள் தடுக்கி விழுவாள், பிறகு எழமாட்டாள். மருந்து முற்றத்துத் தகரத்துக்கு மேலே இலவசமாகக் காய்கிறது. சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது.

சொல்லவில்லை. இதைவிட நல்ல பழி கிடைக்காது என்று தோன்றியது. கிட, அங்கேயே கிட.

அக்கா பாப்பாவின் துணிமணிகளை எடுக்க உள்ளே போனாள். கொஞ்ச நேரம் பேச்சுக்குரல். குழந்தையோடு வந்தாள். பாப்பாவின் கால் இரண்டும் வில்லாக வளைந்திருக்கிறது. சிட்டிபாபு கதவோரம் நின்றார். தடுக்கவில்லை.

பஸ்ஸில் அக்கா கேட்டாள், "அத்த எந்திரிச்சத பாத்தியா?"

"பாத்தேன்."

"எக்ஸ்ரேக்காரன் பாக்காம இருப்பியா? ஏன் சொல்லல?"

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்லிட்டேன்" என்றாள். "கண்ணாடியில வர்றது வெயிலு இல்ல அத்தே, தகரத்தப் பிரிச்சிட்டு முத்தத்துல குந்துங்கன்னு சொன்னேன். சுடறதுக்கு முன்னாடி எந்திரிச்சிடணும்னும் சொன்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னா?"

"'நொண்டி எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டியா'ன்னாங்க."

என் பழியை என் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டாள்.

2-5-1960

திருத்தணிச் சம்பந்தம் முறிந்தது. செங்கல்வராயன் வேறு இடம் பார்த்துவிட்டாராம். சந்தோஷம். ஆனால் பசி அடங்கவில்லை.

பாப்பாவுக்கும் மீன் எண்ணெய். தட்டிக்குள் விட்டால், நேரம் முடிந்ததும் அதை வெளியே எடுக்க அக்கா படாதபாடு படுகிறாள்.

19-6-1960

பாப்பா இன்று சுவரை விட்டுவிட்டு நாலைந்து எட்டு நடந்தது. கால் வளைவு நிமிர நாளாகும் என்கிறார் டாக்டர்.

இன்று எழுத வேறொன்றும் இருக்காது என்று நினைத்தேன். உச்சி வேளையில் வாசலில் சிட்டிபாபு. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். உள்ளே கூப்பிடவில்லை நான். நடுத்தெரு, நல்ல வெயில். நிற்கட்டும்.

"அக்கா வரமாட்டா" என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே. அக்கா சொல்லி வைத்திருந்ததுதான்: அந்த வீட்டுக் கதவு திறந்து கிடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று.

"அதுக்கு வரல மச்சான்." வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். "தகரத்தப் பிரிச்சிட்டேன். அம்மா பிரிக்கச் சொன்னாங்க. ஆனா நாலு பக்கத்து வூட்டு மாடியும் தெரியுது, குந்த மாட்டேங்கிறாங்க. நடக்கவும் முடியல." தரையைப் பார்த்தார். "ஒங்க மாடியில கட்டின தட்டி... எத்தினி அடி ஒசரம்?"

அவர் நெற்றி வியர்வை மூக்கில் சொட்டியது. அவர் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. எதிர்வீட்டுத் திண்ணைத் தூண் அருகே கன்னியம்மாள் காதை நீட்டிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து பாப்பாவின் சிரிப்பு.

ஐந்தடி என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டு போய் அப்படியே கட்டியிருப்பார். சுற்றி நாலு மாடியும் பார்த்திருக்கும், யசோதம்மாவின் முதுகை.

"ஏழு" என்றேன். "நிழலுக்கு வந்து நில்லுங்க மாமா."